சூரியன் இருக்கும்போதே அடித்த அந்தி மணி

குடியை நான் ஒரே நாளில் விட்டவன். காலையில் எழுந்தேன், கடலைப் பார்த்தேன், "இன்றோடு சரி" என்றேன். அதோடு சரி.

இப்படித்தான் எங்கள் கரையில் பல வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். சுத்தப் பொய். என் கையையும் காலையும் பாய்க்கயிற்றால் கட்டி, ரயிலேற்றி, மதுரைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டவர் என் மச்சான் இன்னாசி. என் மனைவி ரோசம்மாவின் அண்ணன். போன வாரம் படித்தவர்களுக்கு இது தெரியும். அன்றைக்கு நான் விட்டது அவர் மூக்கில் ஒரு குத்து மட்டும்தான்.

எனக்குக் கையெழுத்துத் தவிர வேறு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். டீச்சர் வேலை பார்க்கிறவள். என் பேச்சை அச்சில் போடுகிற தமிழாக மாற்றிவிடுகிறாள். மாற்ற முடியாததை அப்படியே விட்டுவிடுகிறாள். நான் இந்தப் பத்திரிகையில் இவ்வளவு மரியாதையான ஆளாகத் தெரிவது அதனால்தான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஒரு நாள் அந்தி. எந்த வருடம் என்று கேட்காதீர்கள். வெள்ளைக்காரன் போயிருந்தான், மதுவிலக்கு வந்திருந்தது, மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. அவ்வளவுதான் தெரியும். காய்ந்த வலைக்குப் பக்கத்தில், மணலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறேன். அமுக்கினாலும் நடுங்குகிறது. கோயிலில் அந்தி மணி அடித்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதுதான் என் ஏற்பாடு.

மணி அடிக்கவில்லை.

சூரியன் பனங்காட்டுக்குள் இறங்கிவிட்டது. சவேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என் பழைய கூட்டாளி. மீன் போடுகிற ஓலைப் பறிக்குள் கையை விட்டான். அவன் எடுத்தது மீன் இல்லை.

"என்னடா சாமியாரே, யாருக்குக் காத்துக்கெடக்க?"

"மணிக்கு."

"மணி அடிச்சா?"

"வீட்டுக்குப் போயிருவேன்."

"அடிக்காட்டி?"

அதை ஆஸ்பத்திரியில் சொல்லித்தரவில்லை.

நண்டும் மாடும்

ஆஸ்பத்திரியில் எனக்கு முதலில் தெரிந்தது நண்டுதான். வெள்ளைச் சுவரில் நண்டு நண்டாக ஏறியது. நல்ல கழி நண்டு. வலை கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் திருப்புல்லாணிப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர். அவரும் என் ஜாதி, அதாவது குடிகார ஜாதி. அவருடைய சுவரில் மாடு ஏறியது.

"ஒங்க நண்டத் தள்ளிப் புடிங்கய்யா, எம் மாட்டுக் காலக் கடிச்சிரும்" என்றார் அவர்.

"மொதல்ல ஒங்க மாட்ட இறக்குங்க, எந் நண்டு நசுங்குது" என்றேன் நான்.

இரண்டு பேரும் ராத்திரி பகலாகச் சண்டை. கண்ணாடி போட்ட ஒரு சிஸ்டரம்மா நடுவில் நின்று, நண்டுக்கு ஒரு சுவர், மாட்டுக்கு ஒரு சுவர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் தூங்கினோம்.

நண்டு போன பிறகு மணி வந்தது. அங்கே எல்லாவற்றுக்கும் மணி. எழுந்திருக்க மணி, குளிக்க மணி, கஞ்சிக்கு மணி, தாழ்வாரத்தில் நடக்க மணி, படுக்க மணி. நான் என்ன செய்ய வேண்டும் என்று நான் யோசிக்க வேண்டியதில்லை. மணி யோசித்துவிடும். பிறந்ததிலிருந்து அவ்வளவு சுகமாக நான் இருந்ததில்லை.

கிளம்பும் நாளில் சிஸ்டரம்மா சொன்னார்கள்: "வேளைக்கு வேளை எல்லாம் செய்யுங்க. வெறும் ஆளா உக்காராதீங்க. கையில நடுக்கம் வந்துச்சுன்னா, தலையில ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்க."

"ஊத்துனா நடுக்கம் போயிருமா சிஸ்டர்?"

"நடுக்கம் போகாட்டியும் நேரம் போகும்."

எங்கும் போகாத நடை

உச்சிப்புளியில் ரயிலை விட்டு இறங்கினேன். மச்சான் நின்றார். மூக்கு ஆறியிருந்தது. கரை வந்து சேரும்வரை முன்னால் நடந்தார். வள்ளத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். வள்ளம் அவருடையது, அதை ஓட்டுகிற தண்டலும் அவரே.

"மாப்ள, கச்சான் அடங்குற வரைக்கும் நீ கரை வேல பாரு. வலையக் காயப்போடு, கிழிஞ்சதப் பின்னு, சாயம் ஏத்து. குடிக்காம இருந்தேன்னா, காத்து மாறுன அன்னைக்கி ஒன்ன வள்ளத்துல ஏத்திக்கிறேன்."

"சரி மச்சான்."

"நடுவுல ஒரு தடவ ஓம் வாயில நாத்தம் வந்துச்சு, எந் தங்கச்சியவும் பிள்ளையவும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். பெறகு நீ எங்கிட்டு வேணாலும் போய்க் குடிச்சிக்க."

பின்னால் ரோசம்மா நின்றாள். இடுப்பில் பிள்ளை. இதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிற அதே பிள்ளைதான். ரோசம்மா அண்ணனைத் தடுத்து ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள்.

மறுநாள் எழுந்தேன். குளித்தேன், செபம் சொன்னேன், கஞ்சி குடித்தேன், வாசல் கூட்டினேன், பிள்ளைக்குத் தலை சீவினேன், கோழியைத் திறந்துவிட்டேன். எல்லாம் முடித்து நிமிர்ந்து பார்த்தால் சூரியனே இன்னும் வரவில்லை. நின்ற இடத்தில் திகைத்துப்போனேன். மீதி நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குடிக்கிறவனுக்குப் பகல் சின்னது. பாதி பகல் தேடுவதில் போகும், மீதி கிடப்பதில் போகும். நிதானத்தில் பார்த்தால் பகல் பாக் ஜலசந்தி மாதிரி கிடக்கிறது. அக்கரையே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நடக்கச் சொல்லியிருந்தார்களே, நடப்போம் என்று கரையில் நடந்தேன். எங்கள் ஊரில் யாரும் சும்மா நடக்க மாட்டார்கள். எங்காவது போவதற்குத்தான் நடப்பார்கள்.

"சந்தியாகு, எங்கன போற?" என்றாள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி.

"எங்கனயும் போகல, நடக்குறேன்."

"எங்கனயும் போகாம எதுக்குடா நடக்க?"

"ஒடம்புக்கு நல்லதாம்."

திரும்பி வரும்போது இன்னும் நாலு பேர் நின்றார்கள். நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று செய்தி போயிருந்தது. மோதிரம் என்று ஒருத்தி சொன்னாள். மோதிரத்தையெல்லாம் நான் எப்போதோ குடித்துவிட்டேன் என்பதை மறந்து, எல்லாரும் மணலைக் கிளறினார்கள். கொஞ்ச நேரம் நானும் கிளறினேன். அவர்கள் அவ்வளவு அக்கறையாகத் தேடும்போது சும்மா நிற்க முடியுமா?

மணியைப் பிடித்துக்கொண்டேன்

பகல் எப்படியோ போகும். வலை வேலை இருக்கிறது. பருத்தி நூல் வலையை நாள்தோறும் காயப்போடாவிட்டால் மக்கிவிடும். சாயத் தொட்டியில் பட்டையை வேகவைக்கும்போது வருகிற நாற்றத்தில் குடிநினைப்பு என்ன, சோற்று நினைப்பே வராது.

கண்டம் அந்தியில்தான். வள்ளங்கள் கரைக்கு வரும். மீன் இறக்கி, வலையை உலர்த்திவிட்டு, ஆட்கள் இரண்டு பேராக, மூன்று பேராக முள்மரம் மண்டிய உடங்காட்டுப் பக்கம் நகர்வார்கள். மதுவிலக்கு வந்ததும் சாராயம் காட்டுக்குள் போய்விட்டது. நாங்களும் அதைத் தனியாக விட மனசில்லாமல் பின்னாலேயே போனவர்கள். அந்த நேரத்துக்கு என் கால் தானாக எழுந்துவிடும். காலைத் திருப்பி உட்காரவைப்பது பெரும்பாடு.

அப்போதுதான் கோயில் மணி காதில் விழுந்தது. காலை, உச்சி, அந்தி என்று மூன்று வேளை செபத்துக்கு அடிக்கிற மணி. சின்ன வயதிலிருந்து கேட்கிற மணிதான். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி மணி என்னைத் தேடி ரயிலேறி வந்துவிட்ட மாதிரி இருந்தது. பிடித்துக்கொண்டேன். காலை மணிக்கு முன்னால் ஒரு குளியல். அந்தி நடுக்கத்துக்கு இரண்டு வாளி. அந்தி மணி அடித்ததும் வீடு. கருப்பட்டிக் காப்பி, சோறு, பாய். வீட்டுக்குள் போய்விட்டால் ரோசம்மா வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிடுவாள். அவளைத் தாண்டுவதற்குச் சாராயம் குடித்த தைரியம் வேண்டும்.

மணி அடிப்பவர் உபதேசியார் மிக்கேல். எங்கள் ஊரில் சாமியார் தங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளில் செபம் சொல்வது, மணி அடிப்பது, எங்களைத் திட்டுவது எல்லாம் உபதேசியார் பொறுப்பு. கோயிலுக்குள் பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. அந்த அறைக்குள் எங்களை விடமாட்டார். அதைப் பார்த்துத்தான் அடிக்கிறார் என்று ஊருக்கே நம்பிக்கை.

போகப் போக ஓர் அதிசயம் நடந்தது. என் அந்தி குறைந்துகொண்டே வந்தது. நடுக்கம் வருகிறது, கிணற்றுக்குப் போகிறேன், இரண்டு வாளி ஊற்றுகிறேன், துவட்டுவதற்குள் மணி அடிக்கிறது. மறுநாள் நடுக்கம் கொஞ்சம் முந்தி வருகிறது. மணியும் முந்தி அடிக்கிறது. கடவுள் என் கஷ்டத்தைப் பார்த்து அந்தியைச் சுருக்கித் தருகிறார் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். நம்புவதற்கு எனக்கு வேறு ஆளில்லை.

ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது.

"சூரியன் பனை உசரத்துல நிக்குது, அதுக்குள்ள அந்தி மணியா?"

"காலையில அடிச்ச மணிக்கி எந்திரிச்சு அடுப்புப் பத்தவச்சேன்டி. கஞ்சி வெந்து, ஆறி, புளிச்சே போச்சு, இன்னும் விடியல."

"கடியாரம் பாத்து அடிக்கிறாரு. அது தப்புமா? சூரியந்தான் இப்ப முன்ன மாதிரி இல்ல."

கடைசியில் எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் போன பிறகு எல்லாமே கொஞ்சம் மாறிவிட்டதல்லவா, சூரியனும் மாறியிருக்கும். கடலுக்குப் போகிறவர்கள் மட்டும் எதையும் பேசாமல் விடிவெள்ளியைப் பார்த்துப் போய்வந்தார்கள். நானும் ஒரு காலத்தில் வெள்ளி பார்த்துப் போனவன்தான். இப்போது மேலே பார்த்தால் எது வெள்ளி, எது என் கண்ணில் பறக்கிற பூச்சி என்று பிடிபடவில்லை.

கயிறு இல்லாத கிணறு

மறுபடி அந்த அந்திக்கு வருகிறேன்.

அன்று மத்தியானம் மச்சானின் நங்கூரக் கயிறு அறுந்துவிட்டது. கையில் கிடைத்த கயிறு எங்கள் கிணற்றுக் கயிறு. உருவிக்கொண்டு போய்விட்டார். கிணற்றில் கப்பி மட்டும் தொங்கியது. நடுக்கம் வந்தபோது வாளியை இறக்கக் கயிறில்லை, ஊற்றத் தண்ணீரில்லை. சரி, மணி அடிக்கட்டும், நேரே வீட்டுக்குப் போவோம் என்று மணலில் உட்கார்ந்தேன்.

சவேரி பக்கத்தில் இருக்கிறான். தேங்காய்ச் சிரட்டையில் சாராயத்தை ஊற்றிவிட்டான்.

"மணியெல்லாம் ஒனக்கு எதுக்குடா? நீ என்ன கோயில் புறாவா?"

"தள்ளிப் போடா."

"நான் குடின்னு சொல்லல. சும்மா புடி. நான் வேட்டியச் சரிபண்ணிக்கிறேன்."

பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று கேட்டால், ஒருவன் பிடி என்றால் பிடிப்பதுதானே மரியாதை என்று தோன்றியது. கை நடுங்கிய நடுக்கத்தில் பாதி சாராயம் விரலில் வழிந்து என் கைலியில் ஊற்றியது. வாசனை எழுந்தது. என் நாக்கு என்னைவிட்டுத் தனியாக எழுந்து நின்றது. நான் மணியைக் கேட்டேன். காற்றுதான் கேட்டது.

அப்போது எனக்கு வந்தது புத்தி இல்லை, கோபம். இத்தனை நாள் முந்தி முந்தி அடித்த மனிதர் இன்றைக்கு மட்டும் எங்கே போனார்? சிரட்டையைச் சவேரி மடியில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன்.

உபதேசியார் மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கிறார். மணிக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். தலையைச் சாய்த்து, எங்கள் வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"உபதேசியாரே, இருட்டிருச்சு! ஏன் இன்னும் மணி அடிக்கல?"

"யாரது, சந்தியாகுவா? ஏலே, நீ ஏன்டா இன்னும் குளிக்கல?"

"நான் குளிக்கிறதுக்கும் மணிக்கும் என்ன?"

அவர் கயிற்றை விடாமலே என் பக்கம் குனிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கடிகாரம் உப்புக்காற்றில் நின்று வெகுகாலமாயிற்று. முன்பெல்லாம் நிழலைப் பார்த்து, வெள்ளியைப் பார்த்து அடித்தார். இப்போது இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. வெளியில் தெரிந்தால் சாமியார் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

"நீ ஆஸ்பத்திரியில வேளைக்கு வேளை பழகுனவன்டா. ஓங் கெணத்துக் கப்பி கத்துச்சுன்னா நேரம் சரியா இருக்கும்னு அதக் கேட்டுத்தான் அடிக்கிறேன். உச்சி மணிக்கி மட்டும் என் வயிறே போதும்."

அவரைக் கேட்டு நான். என்னைக் கேட்டு அவர். எங்கள் இரண்டு பேரையும் கேட்டு ஊர். ஒரு குடிகாரனுக்கு எப்போது கை நடுங்குகிறதோ அப்போது இந்த ஊருக்கு அந்தி. சாராய ஆசையில் எப்போது தூக்கம் கலைகிறதோ அப்போது இந்த ஊருக்கு விடியல். அப்படியானால் இத்தனை நாள் என்னைக் காப்பாற்றியது யார்? நானா? அவரா? கப்பியா? இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், ஓரிடத்தில் முடிச்சு விழுந்துவிடுகிறது.

"சரி, இப்ப அடிங்க" என்றேன்.

"நேரம் ஆச்சா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒனக்கே தெரியாட்டி எனக்கு எப்பிடிடா தெரியும்?"

இரண்டு பேரும் இருட்டில் நின்றோம். பொறுக்க முடியாமல் கயிற்றைப் பிடுங்கி நானே இழுத்தேன்.

எந்த வள்ளம்?

செப மணியை நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும். என் கைக்கு நிறுத்தத் தெரியவில்லை. அது நடுங்குகிற வேகத்தில் மணியும் நடுங்கியது. மணியின் நாக்கு ஓயாமல் இரண்டு பக்கமும் இடித்தது. எங்கள் கரையில் மணியை அப்படி விடாமல் அடித்தால் ஒரே அர்த்தம்தான். வள்ளம் கவிழ்ந்துவிட்டது, ஆள் தண்ணீரில் கிடக்கிறான்.

"விடுடா பாவி, விடு!" என்று உபதேசியார் என் இடுப்பைப் பிடித்து இழுக்கிறார். நான் விட்டால் கால் சவேரியிடம் போய்விடும் என்று தொங்குகிறேன்.

ஊர் எழுந்துவிட்டது. துடுப்போடு ஓடி வருகிறார்கள். கயிற்றோடு, கட்டையோடு ஓடி வருகிறார்கள். பெண்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு அவரவர் புருஷன் பேரைச் சொல்லி அழுகிறார்கள். ஒருத்திக்குப் புருஷன் பக்கத்திலேயே ஓடிவருகிறான், அவனுக்காகவும் அழுகிறாள். சவேரி சிரட்டையை எறிந்துவிட்டு, முதல் ஆளாக ஒரு வள்ளத்தைத் தள்ளித் தண்ணீரில் இறக்கிவிட்டான். நல்லவன்தான். நேரம்தான் கெட்டவன்.

மச்சான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையில் எங்கள் கிணற்றுக் கயிறு.

"எந்த வள்ளம்டா? எங்கன?"

"வள்ளம் இல்ல மச்சான்."

"பெறகு எவன் தண்ணிக்குள்ள கெடக்கான்?"

"நாந்தான்."

என் கைலியிலிருந்து வாசனை கிளம்பி எனக்கே அடித்தது. மச்சானுக்கும் அடித்துவிட்டது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ரோசம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அவளுக்கும் வாசனை போயிருக்க வேண்டும். பிள்ளையை இடுப்பில் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"ரோசம்மா, துணிமணிய எடு" என்றார் மச்சான்.

"மச்சான், நாத்தம் கைலியில. கையில. வாய மோந்து பாருங்க. சத்தியமா வாய மட்டும் மோந்து பாருங்க."

அவர் என் தாடையைப் பிடித்தார், சுறாவின் வாயைத் திறக்கிற மாதிரி. ஊரே துடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. நான் வாயைப் பிளந்தேன். அவர் மூக்கைக் கொண்டுவந்தார், நான் ஒரு காலத்தில் குத்திய அதே மூக்கு. முகர்ந்தார். நம்பாமல் மறுபடி முகர்ந்தார். என் தாடையை விடாமலே தலையை மட்டும் திருப்பி ரோசம்மாவைப் பார்த்து... இரு மகளே, இப்போது கரையிலிருந்து மச்சான் கூப்பிடுகிறார்.

"ஏ மாப்ள! இன்னும் என்னத்தடா அளந்துக்கிட்டிருக்க? வலை ஏத்தி எம்புட்டு நேரமாச்சு! எல்லாரும் ஏறியாச்சு, ஓ எடம் மட்டும் காலியாக் கெடக்கு. வாரியா, இல்ல நங்கூரத்த எடுக்கவா?"

"வாரேன் மச்சான்!"